நாற்காலி நான்கு, நாளேடு ஒன்று

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் முடிதிருத்தும் தோழர் ஒருவர் தம் கத்தியைப் பாதியில் மடக்கினார். எதிரே அமர்ந்திருந்தவர் ஒரு வழக்கறிஞர். ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசியவர். ஒரு கன்னம் மழிக்கப்பட்டிருந்தது; மறு கன்னம் காத்திருந்தது. காத்திருந்தது, காத்திருந்ததுதான்! அந்நாள் தூத்துக்குடியைப் பற்றிப் பேசுவோர் எவரும் இந்நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்போர் சிரிப்பர். நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி எழவேண்டும். அந்தத் தோழருக்கு ஆணையிட்டது யார்?

தந்தி வந்ததா? தலைமை நிலையத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததா? ஒலிபெருக்கியில் எவரேனும் முழங்கினரா? ஒலிபெருக்கியே வராத காலம் அது. மாலை நேரத்தில் கடற்கரை மணலில் மக்கள் கூடினர். மூவர் நால்வர் மாறி மாறிப் பேசினர். கேட்டவர் வீடு திரும்பி, கேளாதவர்க்குச் சொன்னார். அவ்வளவே கருவி. அந்தக் கருவியைக் கையாண்டோருள் முன்னணியில் நின்றவர், 1884 அக்டோபர் 4-ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா.

வத்தலக்குண்டு, திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இறங்கி ஏறும் ஊர். வெற்றிலைக் கொடிக்காலின் பெயரே ஊரின் பெயராயிற்று என்று சொல்வாருண்டு. எழுத்தும் அங்கே கொடியாய்ப் படர்ந்தது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர், மணிக்கொடி பி.எஸ். ராமையா, ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா எல்லோரையும் அந்த மண் சொந்தம் கொண்டாடுகிறது. அவ்வூர் இளைஞர்கள் கையில் இன்று கைபேசி இருக்கிறது. கைபேசிக்குள் குழு இருக்கிறது. குழுவுக்குள் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. “ஆள் சேர்ந்துவிட்டது, இயக்கம் ஏன் சேரவில்லை?” என்று கேட்கும் இளைஞர் தமிழகத்தின் ஊர்தோறும் உண்டு. அவர்களுக்கு விடை தேடும் நாம், அதே ஊரில் பிறந்த ஒருவரின் கதையிலிருந்து தொடங்குவது முறைதானே!

சிவா பிறப்பால் பார்ப்பனர். பாரத மாதாவைத் தெய்வமாக்கி, அதற்குக் கோயிலும் எழுப்ப முனைந்தவர். பகுத்தறிவாளராகிய நமக்கும் அவருக்கும் அங்கே ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனினும் கொள்கையில் மாறுபட்டவரிடம் கற்க ஒன்றுமில்லை என்று கருதுவது பகுத்தறிவு ஆகாது. தூத்துக்குடியில் அவரும் வ.உ. சிதம்பரனாரும் செய்த வேலையைப் பாருங்கள். 1906-இல் சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் முதல் பத்து லட்சம் ரூபாய். அதை இருபத்தைந்து ரூபாய் பங்குகளாக, நாற்பதாயிரம் பங்குகளாகப் பகுத்தார்கள். செல்வர் நால்வரிடம் கைநீட்டிப் பெற்றிருக்கலாம், செல்வரும் தந்தனர்தான். ஆனாலும் பங்கைச் சிறிதாக்கியதன் நோக்கம் வேறு. இருபத்தைந்து ரூபாய் தந்தவன் அந்தக் கப்பலை ‘அவர்கள் கப்பல்’ என்று சொல்லமாட்டான். ‘நம் கப்பல்’ என்பான்.

1908 பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, ஓய்வு நாளில்லை, அடியும் உண்டு. ஆலைக்குள்ளே வேலையை நிறுத்தியவர் தொழிலாளர். ஆலைக்கு வெளியே ஊரே அவர்கள் பக்கம் நின்றது. வேலையிழந்தவர்க்கு உணவுக்கு வழி செய்தனர். வெள்ளையர்க்குத் துணைநின்றோர்க்கு ஊழியம் செய்ய ஊரார் மறுத்தனர். அந்தச் சவரக் கத்தி மடங்கியதும் அப்போதுதான். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் நெல்லையில் கலவரம் மூண்டது, துப்பாக்கி முழங்கியது, நால்வர் மாண்டனர்.

தலைவர்கள் உள்ளே போனபின் என்ன ஆயிற்று? இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். கப்பல் நிறுவனம் சாய்ந்தது. கடற்கரைக் கூட்டம் கலைந்தது. பேச்சால் திரண்டது, பேச்சாளர் இல்லாதபோது நிற்க இடமின்றித் தவித்தது. 1912-இல் சிறையிலிருந்து வெளிவந்த சிவா, தொழுநோயுடன் வந்தார். அந்நோயைக் காட்டி இரயில் பயணத்தை அவருக்குத் தடை செய்தது அரசு. அவர் நடந்தார், கட்டைவண்டியில் போனார், ‘ஞானபானு’ என்ற திங்களிதழ் நடத்தினார். பேச்சு மட்டும் போதாது, ஏடும் வேண்டும் என்பதை அவரும் உணர்ந்திருந்தார் போலும். 1925 சூலை 23-இல் பாப்பாரப்பட்டியில் அவர் மறைந்தபோது, ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்து மூன்று திங்கள்கூட ஆகவில்லை.

ஏட்டின் வலிமையை முதலில் உணர்ந்தவர் பெரியார் என்று நாம் சொல்லமாட்டோம். உண்மைக்கு மாறாகப் புகழ்வது பெரியாருக்கே பிடிக்காது. 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ நடத்தி, கடவுளையும் சாத்திரத்தையும் கேள்விக்கு உட்படுத்தினர். 1907 சூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். பெயரிலேயே விலை! கூலிக்காரனின் கைக்கு எட்டும் விலை. அந்த ஏடு கோலார் தங்கவயல் வரை சென்றது. அங்கே சுரங்கத்தில் உழைத்த தமிழர்கள் சங்கம் கண்டனர். சிவா கடற்கரையில் பேசிய அதே ஆண்டுகளில், ஒடுக்கப்பட்டோரிடையே இப்படியொரு வலை சத்தமின்றிப் பின்னப்பட்டது. அதை நெடுங்காலம் நாடு கண்டுகொள்ளவில்லை. வெட்கத்தோடு சொல்லவேண்டுமானால், நம் மேடைகளும் போதிய அளவு சொல்லவில்லை.

‘குடி அரசு’ செய்த புதுமை எங்கே இருக்கிறது? அச்சில் இல்லை, அதைச் சுற்றி அமர்ந்தவர்களிடம் இருக்கிறது. 1951-இல்கூடச் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் எழுத்தறியாதவர். அத்தகைய நாட்டில் ஓர் ஏடு எப்படி மக்களைத் திரட்டும்? ஒருவர் படிக்க, பத்துப்பேர் கேட்டனர். முடிதிருத்தகம், தேநீர்க்கடை, தையற்கடை, மிதிவண்டிக் கடை ஆகியவையே பள்ளிக்கூடங்களாயின. பின்னர்ப் படிப்பகங்கள் எழுந்தன. நாற்காலி நான்கு, மேசை ஒன்று, சுவரில் பெரியார் படமோ அண்ணா படமோ, நாளேடு ஒன்று, கிழமை இதழ் இரண்டு மூன்று. கூரை பெரும்பாலும் கீற்று. உறுப்பினர் தந்த காலணாவும் அரையணாவும்தான் வாடகை.

“மேசையும் நாற்காலியும் நாட்டைப் பிடிக்குமா?” என்று எள்ளி நகையாடினர் மேட்டுக்குடியினர். ஆனால் படிப்பகத்தில் நடந்தது படிப்பு மட்டுமன்று. சவரத்துக்குக் காத்திருப்பவர் தலையங்கத்தைக் கேட்கிறார். “இது பொய்” என்கிறார் எதிரிலிருப்பவர். படித்தவர் மறுமொழி சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு வரும் பேச்சாளரிடம் கேட்டுவந்து சொல்லவேண்டும். மறுநாளும் அதே தெரு, அதே முகம். ஓடி ஒளிய முடியாது. ஆகவே பொய் சொல்பவன் அதிகநாள் தாக்குப்பிடிக்கமாட்டான். நம் பேச்சாளர்கள் பலரும் இத்தகைய கடைத்திண்ணைகளில்தான் தேர்வெழுதித் தேறினர்.

அதற்கான கருவிகள்தாம் எவ்வளவு எளியவை! திருவாரூரில் பள்ளிச் சிறுவராயிருந்த கலைஞர், ‘மாணவநேசன்’ என்ற கையெழுத்து ஏடு நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10-இல், பதினெட்டு வயதில், ‘சேரன்’ என்ற புனைபெயரில் ‘முரசொலி’யைத் தொடங்கினார். அது அப்போது இதழன்று, துண்டறிக்கை. கிடைத்தபோது காகிதம், முடிந்தபோது அச்சு. அதே ஆண்டு மார்ச்சில் காஞ்சியில் அண்ணாவின் ‘திராவிட நாடு’ பிறந்தது. பெருமுதல் கொண்டு பிறந்தவையல்ல இவை. விற்றவரும் படித்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். கட்டைப் பிரித்து எண்ணுவதும், விற்காத படியைத் தம் கைக்காசால் ஈடுகட்டுவதும் கிளைச்செயலாளரின் கடமை.

ஏடும் பேச்சும் போதாத இடத்தில் கால்கள் வேலை செய்தன. 1938-இல் கட்டாய இந்தி வந்தபோது, திருச்சியிலிருந்து ஆகஸ்ட் 1-ஆம் நாள் தமிழர் பெரும்படை புறப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர். தலைவர் குமாரசாமிப் பிள்ளை. உடன் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும். நாற்பத்திரண்டு நாள் நடந்து, 234 சிற்றூர்களையும் 60 நகரங்களையும் கடந்து, 87 பொதுக்கூட்டங்களில் பேசி, செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்தனர். ஊர் ஊராக உணவு தந்தவர் யார்? படுக்க இடம் தந்தவர் யார்? முன்னரே ‘குடி அரசு’ம் ‘விடுதலை’யும் சென்று சேர்ந்திருந்த ஊர்களில், படை வருமுன்னே சோறு வெந்தது. ஏடு போட்ட பாதையில்தான் கால்கள் நடந்தன. அந்தப் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவர்களுள் பெண்கள் 73 பேர். அன்னையரோடு குழந்தைகள் 32 பேர்.

இதன் விளைச்சல் பின்னாளில் வந்தது. 1957-இல் சட்டமன்றத்தில் 15 இடம், 1962-இல் 50, 1967-இல் 137. உதயசூரியன் சின்னத்தையும் இங்கே நினைக்கவேண்டும். இரண்டு மலை, நடுவே அரைவட்டம், சில கோடுகள். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கிடைத்தால் ஐந்து வயதுச் சிறுவனும் சுவரில் எழுதிவிடுவான். எழுதத் தெரியாத நாட்டில் எல்லோரும் எழுதக்கூடிய ஒரே சொல்லாக அது இருந்தது.

இவ்வளவும் சொன்னபின், நம் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். முடிதிருத்தகமும் தேநீர்க்கடையும் ஆண்களின் இடம். மாலையில் பெண்கள் அங்கே அமர்ந்து நாளேடு படிக்க நாம் வழிசெய்தோமா? மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, படிப்பக நாற்காலி நான்கிலும் ஆண்களே அமர்ந்தோம். தேநீர்க்கடையிலோ கொடுமை இன்னும் பெரிது. எத்தனையோ ஊர்களில் அங்கே இரட்டைக் குவளை இருந்தது. உள்ளே பெஞ்சில் அமர்ந்தவன் சாதி ஒழிப்புத் தலையங்கத்தை உரக்கப் படித்தான்; வெளியே தரையில் அமர்ந்து, தனிக்குவளையில் தேநீர் குடித்தபடி அதைக் கேட்டான் மற்றொருவன். வலை பின்னினோம், அதில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்ததை மறைப்பானேன்?

மற்றொரு குறையையும் கேளுங்கள். திரைப்படமும் நமக்குக் கருவியாயிற்று. அதை ஒட்டி இரசிகர் மன்றங்கள் எழுந்தன. மன்றத்திலும் நாற்காலி இருந்தது, சந்தா இருந்தது. ஆனால் மறுத்துக் கேட்கும் வழக்கம் இருந்ததா? 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கழகத்திலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி கண்டபோது, மன்றங்கள் ஒரே இரவில் கிளைகளாயின. அடுத்த ஆண்டு மே திங்களில் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வென்றார், ஆளுங்கட்சியாயிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. ஏழு திங்கள் வயதுள்ள கட்சிக்கு ஊர்தோறும் ஆள் எப்படி வந்தது என்று வியந்தவர் பலர். ஆள் புதிதாக வரவில்லை. ஏற்கெனவே அமர்ந்திருந்தவர்கள் பெயர்ப்பலகையை மாற்றினர். கேள்வி கேட்கப் பழக்காத கூட்டத்தை நாமே வளர்த்தோம். அது எழுந்து வேறிடம் போனபோது குறைப்பட்டுக்கொள்ள நமக்கு உரிமை ஏது?

இனி இக்காலத்துக்கு வருவோம். தொலைபேசி வழியே நாடு முழுவதும் ஒரே நாளில் செய்தி பரவ முடியும் என்பதை நமக்குக் காட்டியவர்கள் பகுத்தறிவாளர் அல்லர். 1995 செப்டம்பர் 21-ஆம் நாள் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புளுகு வடக்கே புறப்பட்டு, மாலைக்குள் கடல் கடந்தும் போயிற்று. பரப்புத் தன்மையும் நுண்புழை ஈர்ப்பும் காரணம் என்று அறிவியலார் வண்ணமிட்ட பாலைக்கொண்டு விளக்கினர். அந்த விளக்கம் நொண்டி நொண்டி நடந்தது. கைபேசிக் குழுக்கள் வந்தபின் புளுகுக்கு இறக்கையும் முளைத்தது. 2018 மே திங்களில் குழந்தை கடத்துவோர் பற்றிய பொய்ச்செய்தி தமிழகத்தின் வடமாவட்டங்களில் கைக்குக் கை பரவ, கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைக்கு இனிப்பு கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றனர். அந்தச் செய்தியை மறுத்துக் கேட்க எதிரில் ஆள் இல்லை. அனுப்பியவர் யாரென்றே எவருக்கும் தெரியாது. அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உயிர் போனபின் வந்த கட்டுப்பாடு அது.

அதே கருவியின் மறுமுகத்தையும் பார்த்தோம். 2017 சனவரியில் அலங்காநல்லூரில் தொடங்கிய ஏறுதழுவல் போராட்டம், 17-ஆம் நாள் சென்னைக் கடற்கரைக்கு வந்து 23 வரை நீடித்தது. ஏறுதழுவலில் ஒட்டியுள்ள சாதிப்பெருமையை நாம் ஏற்கவில்லை; ‘வாடிவாசல்’ எழுதிய செல்லப்பாவே அந்தக் களத்துக்குள் இருக்கும் அதிகாரச் செருக்கைக் காட்டியவர்தான். ஆயினும் தலைவரில்லாமல், கட்சிக்கொடி இல்லாமல், இலட்சக்கணக்கான இளைஞர் திரண்டனர். பெண்கள் இரவிலும் அச்சமின்றி அமர்ந்தனர். குப்பையைத் தாமே அள்ளினர். அழைத்தது கைபேசி, அமர வைத்தது மணல். அவசரச் சட்டம் வந்தது, சட்டமும் நிறைவேறியது; இறுதிநாளில் காவலரின் தடியும் வந்தது. அதன்பின்? அடுத்த கிழமை கூட ஓர் இடம் இல்லை. சந்தா ஏடு இல்லை. யார் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்ற பட்டியல் இல்லை. 1908 மார்ச்சில் தூத்துக்குடி மணலில் நேர்ந்தது, நூற்றொன்பது ஆண்டுகள் கழித்துச் சென்னை மணலிலும் நேர்ந்தது. அமெரிக்காவிலும் இது நேர்ந்ததுண்டு. 2003-இல் ஓவார்டு டீன் என்பார் இணையத்தின் வழியே ஊர்தோறும் ஆதரவாளர் கூட்டங்களை ஏற்பாடு செய்து, சிறு நன்கொடைகளாலேயே பெரும்பொருள் திரட்டினார், நாடே வியந்தது, 2004 சனவரியில் அயோவா மாநிலத்தில் முதல் வாக்கெடுப்பு வந்தபோது மூன்றாம் இடம். வெளியூரிலிருந்து வந்து கதவைத் தட்டிய இளைஞரை, உள்ளூரார் அறிந்திருக்கவில்லை.

அப்படியானால் கைபேசியைத் தூக்கி எறிவதா? அது அச்சுப்பொறியை வெறுத்த சனாதனிகளின் அறிவு. படிப்பகத்து நாற்காலி மறுக்கப்பட்ட பெண்ணின் கைக்கு, வீட்டுக்குள்ளேயே அந்த ஏடு இன்று வந்துவிடுகிறது. தனிக்குவளைக்கு அங்கே வேலையில்லை. நம் பழைய வலையின் இரு பெரிய ஓட்டைகளை அடைக்க வல்ல கருவி இது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. படிப்பகத்தின் கீற்றுக்கூரை நம்முடையது. குழுவின் சாவி கடல்கடந்த ஒரு நிறுவனத்தின் இடுப்பில் தொங்குகிறது.

செல்லப்பா ‘எழுத்து’ நடத்திய காலத்தில், நூல்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்தார் என்பர். அவர் இலக்கியக் கொள்கை வேறு, நம்முடையது வேறு. நம் இயக்கத்து எழுத்தை அவர் வட்டத்தார் இலக்கியமென்றே மதிக்கவில்லை. ஆனால் வாங்கியவரின் முகம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் பேர் கொண்ட குழுவை நடத்தும் நம் தோழரிடம் கேட்டுப் பாருங்கள்: அவர்களுள் எத்தனைபேர் வீட்டுக் கதவு உங்களுக்குத் தெரியும்? எத்தனைபேர் திங்களுக்குப் பத்து ரூபாய் தருவர்? எத்தனைபேர் “தோழர், இதற்குச் சான்று என்ன?” என்று கேட்டிருக்கின்றனர்? கேட்டவரை நீங்கள் என்ன செய்தீர்கள்? பல குழுக்களில் விடை ஒன்றுதான். நீக்கிவிட்டோம் என்பார்கள்.

“தூத்துக்குடித் தோழரும் அந்த வழக்கறிஞரை நீக்கினாரே, அது மட்டும் சரியோ?” என்று கூரிய மதியுள்ள இளைஞர் ஒருவர் நம்மை மடக்கக்கூடும். மடக்கட்டும், நாமும் அதை எண்ணிப் பார்த்தோம். குழுவிலிருந்து ஒருவரை நீக்குவோர் விரலை அசைக்கின்றனர். அதனால் அவர்க்கு இழப்பு ஏதுமில்லை. முடிதிருத்துவோர் அன்று மறுத்தது தம் பிழைப்பை. ஊரில் செல்வாக்குள்ள ஒருவரை முகத்துக்கு நேரே பகைத்துக்கொண்டார். மடித்த கத்தியோடு வெறுங்கையாய் வீடு திரும்பினார். அவர் பெயரைக்கூட எவரும் குறித்துவைக்கவில்லை. இழந்தது ஒரு சவரக் கூலி. அன்று அவர் வீட்டு உலைக்கு அதுவே அரிசி.